உடன் வந்தவர்: மைத்துனர்

முன்பின் தெரியாத ஓர் ஆட்டோ ஓட்டுநரை என் மனைவியின் தம்பி என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனவன் நான். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மத்திய அரசுத் தொழிற்சாலையில் அலுவலக வேலை, வாரத்துக்கு இரண்டு புத்தகம் படிக்கிற பழக்கம், நாலு பேருக்குப் புத்தி சொல்கிற வாய். குடித்திருக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நன்றாக யோசித்துத்தான் அதைச் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நடந்தது மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, பூந்தமல்லியில். நான் குடியிருப்பது ஆவடி சேக்காட்டில். ஆவடியிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பூந்தமல்லிக்குப் போனேன்.

அதற்கு முந்தைய நான்கு மாதங்களாக எனக்குத் தூக்கம் சரியில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே, அலுவலகத்தில் யாரோ கூப்பிட்டதுபோல விழிப்பு வந்துவிடும். பகலில் வேறு தொந்தரவு. சம்பந்தமே இல்லாத இடத்தில் கண்ணில் தண்ணீர் வரும். விடுப்பு விண்ணப்பங்களுக்கு ஸ்டேப்ளர் அடிக்கும்போது வரும். தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், புதுத் தோசைக்கல்லில் தோசை ஒட்டாமல் எழும்பி வந்ததைப் பார்த்து ஒரு நாள் அழுதேன். வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, பிள்ளைகளால் கவலை இல்லை. ஏதாவது ஒரு காரணம் இருந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

நூலகத்தில் மனநலம் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். அட்டைக்கு மேல் செய்தித்தாள் சுற்றித்தான். படித்து முடித்தபோது அவற்றில் உள்ள எல்லா நோயும் எனக்கு இருப்பதாகத் தோன்றியது. பிரசவத்துக்குப் பிறகு வருவது ஒன்றைத் தவிர.

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் எங்கள் சபை. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கோவில் வாசலில் ஜெபக் குறிப்பு எழுதிப் போட ஒரு பெட்டி உண்டு. யாருக்கு என்ன கஷ்டமோ சீட்டில் எழுதிப் போட்டால், ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை மைக்கில் வாசிப்பார், எல்லோரும் ஜெபிப்பார்கள். மனதில் துளிக் கெட்ட எண்ணமும் இல்லாமல், முழு அன்போடு, ஒருவருடைய உடம்பு சமாச்சாரம் இருநூறு பேருக்குத் தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவருக்கு மூல அறுவை சிகிச்சை நடந்தபோது அவர் மகள் சீட்டு எழுதிப் போட்டாள். அதற்குப் பிறகு ஆறு வாரம், அவர் உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவரால் உட்கார முடியாது என்று தெரிந்துகொண்டே எழுந்தார்கள். என் மனைவி அந்தப் பெட்டியைப் பூரணமாக நம்புகிறவள். "மன வேதனையில் இருக்கும் என் கணவருக்காக" என்று மைக்கில் கேட்பதை நான் பல முறை கற்பனை செய்து பார்த்துவிட்டேன்.

தொழிற்சாலையிலும் தெரியக் கூடாது. அதற்கு வேறு காரணம். அதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் அசிங்கப்பட வேண்டியிருக்கும் என்பதால் பிறகு சொல்கிறேன்.

பஸ்ஸில் போனால் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்காருவார்கள் என்று, ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோ பிடித்தேன். போக, காத்திருக்க, திரும்ப என்று பேசிக்கொண்டோம். ஓட்டுநருக்கு என் வயதுதான் இருக்கும். காக்கிச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு நிற்காத வாய். வண்டியில் பாட்டு வைக்காததன் காரணம் சீக்கிரமே புரிந்தது.

பருத்திப்பட்டு ஏரி வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய்க் கம்பி வேலி ஓரமாக நின்றேன். ஏன் என்று கேட்டால் இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காற்று நன்றாக இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடத்தில் ஓட்டுநரும் இறங்கி வந்தார். வந்தவர் பக்கத்தில் நின்றாரா என்றால் இல்லை. எனக்கும் வேலிக்கும் நடுவில் புகுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இதுல ஜிலேபி கெண்டை கீது சார். முன்னல்லாம் தூண்டி போட்டுகினு இருப்போம். இப்போ பார்க்கு கட்டி வுட்டுட்டான். மீன் கொழம்பு சாப்டுவியா சார் நீ?"

தனியாக ஐந்து நிமிடம் ஏரியைக்கூடப் பார்க்க விடாத உலகம் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். கெண்டையின் முள்ளைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். வேறு வழியில்லாமல் வண்டியில் ஏறினேன். கோவர்த்தனகிரி தாண்டியதும் "திருப்புங்க, வீட்டுக்கே போயிடலாம்" என்றேன். திருப்பினார். கொஞ்ச தூரத்தில் "வேண்டாம், பூந்தமல்லிக்கே போங்க" என்றேன். மறுபடி திருப்பினார்.

"எனுக்கு இன்னா சார், நான் எப்டி ஒடிச்சாலும் வண்டி திரும்பும். நீ ஒரு முடிவுக்கு வா" என்றார்.

மருத்துவமனை ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் முதல் மாடியில் இருந்தது. வரவேற்பில் ஓர் இளம்பெண், முன்னால் பெரிய நோட்டு. சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஓசை அடைக்கப்பட்ட தொலைக்காட்சியை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பிரச்சனை சார்?" என்றாள் அந்தப் பெண். நல்ல கணீர் குரல்.

"ஜெனரல்" என்றேன் மெதுவாக.

"ஜெனரல்னா பக்கத்து பில்டிங் சார். இது மனசுக்குப் பார்க்கிற இடம். மனசுக்குத்தானே வந்தீங்க?"

மனசுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நாகரிகமாகத் தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். பெயர், வயது, வேலை, தூக்கம் உண்டா, பசி உண்டா எல்லாம் அதே குரலில் கேட்டு நோட்டில் எழுதினாள். 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"யார் கூட வந்திருக்காங்க சார்?"

"தனியாத்தான் வந்தேன்."

"ஃபர்ஸ்ட் டைம் தனியா வந்தா பார்க்க மாட்டாங்க சார். வீட்டாளு ஒருத்தர் வேணும். டாக்டர் அவங்ககிட்டயும் கேப்பாங்க. ஒய்ஃபுக்கு ஒரு போன் போடுங்களேன், ஆவடிதானே."

கீழே இறங்கி வந்தேன். வீட்டுக்குப் போய்விடுவது என்றுதான் இறங்கினேன். ஓட்டுநர் வண்டிக்குள் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அந்த யோசனை வந்தது. படித்தவர்களுக்குத்தான் இந்த மாதிரி யோசனைகள் வரும் என்பது என் அனுபவம்.

"ஒரு உதவி செய்யணும்" என்றேன். "மேல வந்து பத்து நிமிஷம் என் மைத்துனரா இருக்கணும்."

அவர் பேப்பரை மடித்தார். பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "உன் ஊட்டம்மா பேரு இன்னா?"

"அது எதுக்கு?"

"அக்கா பேரு தெரியாத தம்பி எங்கனா கீறானா சார்?"

சொன்னேன். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தால் நன்றாக இருக்குமோ என்று இழுத்தேன்.

"ஏன், உங்க ஊட்ல எவனும் ஆட்டோ ஓட்ட மாட்டானா?" என்றார்.

காக்கியோடு மேலே போனோம். வரவேற்புப் பெண் நோட்டில் இருந்த என் கிறிஸ்தவப் பெயரையும் அவர் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க அக்காது லவ் மேரேஜ்மா" என்றார் அவர், யாரும் கேட்காமலே. இரண்டு போதகர்கள் பேசி, மூன்று கமிட்டி கூடி முடிவான என் கல்யாணம் அந்த நொடியில் காதல் கல்யாணம் ஆயிற்று. "மாமாவுக்கு ஒரு சேர் போடும்மா, நின்னுகினே கீறாரு" என்று அதிகாரம் வேறு செய்தார். நோட்டில் எழுதப்பட்டது: உடன் வந்தவர், மைத்துனர். எல்லாம் சரிதானா என்று அந்தப் பெண் என் தூக்கமின்மையிலிருந்து அழுகை வரை அதே கணீர்க் குரலில் அவருக்கும் வாசித்துக் காட்டினாள்.

மருத்துவர் என் வயதுடைய பெண்மணி. என்னை மட்டும் முதலில் உள்ளே அழைத்தார். அவர் கேட்ட கேள்விகளை என் அம்மாகூட என்னிடம் கேட்டதில்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குடிப்பீர்களா, எவ்வளவு, மனைவியோடு உறவு எப்படி இருக்கிறது, படுக்கையிலும்தான் கேட்கிறேன், செத்துப் போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றியதா. மளிகைப் பட்டியல் சரிபார்க்கிற குரலில் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேடிக்கையான பதில் சொன்னேன். எனக்கு அது நன்றாக வரும். எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவில் இருபது வருடமாக நான்தான் தொகுப்பாளர். செத்துப் போவது பற்றிக் கேட்டதற்கு, "பென்ஷன் வாங்காமல் அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"நல்லாப் பேசறீங்க" என்றார். "உங்க மைத்துனர்கிட்ட கொஞ்சம் தனியாப் பேசலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

சம்மதமில்லை என்று எப்படிச் சொல்வது? சாட்சியைக் கூட்டி வந்தவனே நான். வெளியே வந்து உட்கார்ந்தேன். ஓட்டுநர் உள்ளே போனார். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்ததுபோல எந்தத் துறை விசாரணையிலும் வியர்த்ததில்லை. என்னைப் பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்தது என் பெயர், என் மனைவியின் பெயர், நோட்டில் இருந்த தூக்கமும் அழுகையும், எனக்கு மீன் பிடிக்கும் என்பது, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்ன கதை கட்டுகிறாரோ? காதல் கல்யாணத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறாரோ?

வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்காராமல், "நான் கீழ வண்டியாண்ட கீறேன். நீ பேசிட்டு வா" என்று இறங்கிப் போனார்.

மறுபடி உள்ளே போனேன். மருத்துவர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

"அவர் உங்க மைத்துனர் இல்லைன்னு உள்ளே வந்ததும் சொல்லிட்டார்" என்றார். "தனியா வந்தாலும் நான் பார்ப்பேன் சார். வெளியே அப்படி ஒரு பழக்கம் வெச்சிருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது. அதை நான் சரி பண்றேன். அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். உங்ககிட்ட மறைக்க வேண்டாம்னும் சொன்னார். வழியில ஏரிகிட்ட நிறுத்தச் சொன்னீங்களாம். 'அவரு தண்ணியப் பார்த்த பார்வை எனுக்குப் புடிக்கல மேடம். அதான் எறங்கிப் போய் நடுவுல நின்னுகினேன்'னார்."

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஜிலேபி கெண்டை, முள், குழம்பு என்று அவர் பேசியதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. நான் சலித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

"தண்ணியைப் பார்த்தப்ப என்ன நினைச்சீங்க?"

"அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்" என்றேன். அது உண்மை. அன்று நான் சொன்ன முதல் உண்மை. அதன்பின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. மேஜை மேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, நானே எடுத்துக்கொண்டேன்.

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பயப்படறீங்க?" என்று கேட்டார்.

பட்டியல் சொன்னேன். சபை, குடியிருப்பு, அலுவலகம்.

"அலுவலகத்துல தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"ஃபைல் கொடுக்கும்போது தள்ளி நின்று, கையை நீட்டிக் கொடுப்பார்கள்."

"அவ்வளவு சரியா எப்படித் தெரியும்?"

இவ்வளவு நேரம் கேட்ட அந்தரங்கக் கேள்விகளில் எதுவும் இப்படித் தைக்கவில்லை. பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

நான் வேலை பார்ப்பது விடுப்புப் பிரிவில். மருத்துவச் சான்றிதழ்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். சில வருடங்களுக்கு முன், எங்கள் பிரிவிலேயே இருந்த ஒருவர் ஒரு மாதம் விடுப்பு எடுத்துத் திரும்பினார். அவர் சான்றிதழில் இருந்தது மனநல மருத்துவரின் முத்திரை. தேநீர் நேரத்தில் அதை நான் மெல்ல வெளியிட்டேன். வெளியிட்டதோடு நிற்காமல், "இனிமே அவருக்கு ஃபைல் கொடுக்கறப்ப கொஞ்சம் எட்டி நின்னு கொடுங்கப்பா" என்று ஒரு ஜோக்கும் சேர்த்தேன். பலத்த சிரிப்பு. மறுநாள் முதல் பிரிவே அப்படிச் செய்தது. இரண்டடி தள்ளி நின்று, கையை முழுக்க நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக் கொடுப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். நான்கு மாதத்தில் ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அதுவரை அது எனக்கு ஒரு நல்ல ஜோக்காகத்தான் ஞாபகத்தில் இருந்தது.

இதை மருத்துவரிடம் முழுதாகச் சொன்னேன். அவர் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்டிக்கவில்லை. "இங்கே நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளியே போகாது" என்றார். "உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்வேன். அந்த ஒருத்தர் யாருன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறேன்."

முப்பது வருடத்தில் யார் யாரிடமோ என்னென்னவோ பேசியிருக்கிறேன். அந்த ஓர் இடத்தில் எழுத எனக்கு ஒரே பெயர்தான் வந்தது. அதையும் அன்று காலைதான் ஓர் ஆட்டோக்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கீழே இறங்கினேன். வண்டி கிளம்பியது. ஏரியைத் தாண்டும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும், "இன்னைக்கு நடந்தது..." என்று ஆரம்பித்தேன்.

"எது சார்?" என்றார்.

மேலே இருந்தவரை மாமா, கீழே வந்ததும் சார். வேறு சவாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "என்னங்க, இதைச் சொல்ல பூந்தமல்லி வரைக்கும் போய்ட்டு வரணுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னுது லவ் மேரேஜ்னா சொன்னாரு?" என்று கேட்டாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜெபப் பெட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு போதகர் சீட்டுகளை எடுத்தபோது பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். என் பெயரை வாசித்தார். "கடும் முழங்கால் வலியால் அவதிப்படும் நம் சகோதரனுக்காக" என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, மிகுந்த பக்தியோடு இருந்தாள். "ஜெபம் பண்ணாம விட முடியுமா? எந்த இடம்னு கடவுளுக்குத் தெரியாதா?" என்றாள் வீட்டுக்கு வந்ததும். அதிலிருந்து ஆறு மாதம் எங்கள் சபை என் முழங்காலுக்காக ஊக்கமாக ஜெபித்தது. படியேறும்போது நான் அவ்வப்போது நொண்ட வேண்டியிருந்தது. எந்தக் கால் என்பதில்தான் குழப்பம்.

பூந்தமல்லிக்கு அதன்பின் தனியாகத்தான் போனேன். மூன்றாவது தடவை போனபோது யாரும் என்ன பிரச்சனை என்று கேட்கவில்லை. எண் எழுதிய சீட்டு கொடுத்தார்கள், எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் கணீர்க் குரல் பெண் மட்டும், ரொம்பத் தாழ்ந்த குரலில், "மச்சான் வரலையா சார்?" என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பாள். மாத்திரையும் பேச்சுமாக ஒரு வருடம் ஓடியது. தூக்கம் மெதுவாகத் திரும்பி வந்தது. தோசைக்கல் விளம்பரத்தை இப்போது சாதாரணமாகப் பார்க்க முடிகிறது.

இடையில் ஒரு நாள், ஸ்டோருக்கு அனுப்ப வேண்டிய ஒரு ஃபைலை ப்யூனிடம் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்த மனிதரின் மேஜையைச் சுற்றிப் போய், அவர் பக்கத்தில் நின்று, கையில் கொடுத்தேன். நிறைய ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "அன்னைக்கு அதை ஆரம்பிச்சது நான்தான் சார்" என்பது மட்டும்.

"தெரியும் சார்" என்றார் அவர். ஃபைலைப் பிரித்துப் பார்த்தார். "மறந்துட்டேன்னு சொன்னா பொய். உக்காருங்க, டீ வந்திருக்கு, ஆறிடப் போவுது."

உட்கார்ந்தேன். வேறு என்னவெல்லாமோ பேசினோம். இப்போது சான்றிதழ்கள் என் மேஜைக்கு வந்தால் முத்திரையைப் பார்த்துவிட்டு உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன். தேநீர் நேரத்தில் நான் முன்பு அளவுக்குச் சுவாரசியமாகப் பேசுவதில்லை என்று பிரிவில் ஒரு குறை இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பயம் மட்டும் போகவில்லை. அந்த ஆட்டோக்காரர். ஆவடி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவர். சபையும் குடியிருப்பும் தொழிற்சாலையும் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போய் வருகின்றன. ஏரிக்கரையில் எனக்காக நின்ற மனிதரைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நான் பின்பக்கமாகச் சுற்றிப் போய் ரயில் ஏறிக்கொண்டிருந்தேன். இதற்கும் ஒரு மருந்து கேட்டிருக்கலாம்.

போன வருடம், பூந்தமல்லியில் சபையார் வீட்டுக் கல்யாணம். நான், மனைவி, எங்கள் சபைச் செயலாளர் மூவரும் ஒன்றாகக் கிளம்பினோம். செயலாளர் நல்ல மனிதர். அவரிடம் ஒன்றைச் சொன்னால் மைக் தேவையில்லை. கையைக் காட்டி அவர் நிறுத்திய ஆட்டோவில் அதே காக்கிச் சட்டை, அதே திருநீறு.

"எங்க சார் போணும்?" என்றார் செயலாளரிடம். என்னைப் பார்த்தார். டிக்கெட் பரிசோதகர் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பியதிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. பருத்திப்பட்டு நெருங்கும்போது செயலாளர் என் தொடையைத் தட்டி, "முழங்கால் இப்ப எப்படி இருக்கு பிரதர்?" என்று கேட்டார்.

"பரவாயில்லை" என்றேன். முன்னால் இருந்த கண்ணாடியில் இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. ஒரு நொடிதான்.

"முட்டி வலிக்கு முடக்கத்தான் கீரை சாப்டு சார்" என்றார் ஓட்டுநர், சாலையைப் பார்த்தபடி. "தோச மாவுல அரைச்சிப் போட்டா நல்லா கேக்கும்."

என் மனைவி வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் சொல்லாமலே யாரென்று கண்டுபிடித்துவிட்டாள். வெளியே ஏரி போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், தண்ணீரை மறைத்துக்கொண்டு நின்ற அந்தக் காக்கி முதுகுதான் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. யாரைப் பற்றியாவது ஏதாவது சொல்ல நாக்கு நமநமக்கும்போது அது குறுக்கே வந்து நின்றுகொள்கிறது.

மண்டபத்து வாசலில் செயலாளர் முன்னால் போனார். மனைவி இறங்கும்போது ஓட்டுநரைப் பார்த்து, "வர்றேன் தம்பி" என்றாள். "சரிக்கா" என்றார் அவர். நான் மட்டும் பின்தங்கி நின்றேன். ஒன்றரை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னேன்: அன்றைக்கு ஏரிக்கரையில் நின்றதற்கு நன்றி, இத்தனை நாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததற்கு அதைவிடப் பெரிய நன்றி.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னாத்த நைனா சொல்றது? தூக்கம் வர்ல, அழுவாச்சி வருது. எங்க ஸ்டாண்டுல பாதிப் பேருக்கு அதான் கீது. இத்த நான் போய் சொன்னா, 'வேற எதுனா இருந்தா சொல்லு மாமே'ன்னுட்டு எழுந்து பூடுவானுங்க."